சீட்டில் இல்லாத லிட்டர்

எத்தனால் வந்து கரும்பு விவசாயியைக் கைதூக்கி விட்டது என்று வாதிடும் ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். இரண்டாம் முறை அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆலை கொடுத்த பட்டுவாடாச் சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். மூன்று ஏக்கர் மறுதாம்பு. வண்டிவாரியாக எடை, மொத்த டன், டன்னுக்கு விலை, பெருக்கி வந்த தொகை. அதற்குக் கீழே பிடித்தங்கள் வரிசையாக நிற்கின்றன: பருசீவல் நாற்றுக்கு, உரத்துக்கு, வெட்டு ஆளுக்குக் கொடுத்த முன்பணத்துக்கு, வங்கிக் கடனுக்கு. கடைசியில் கைக்கு வரும் தொகை. அண்ணன் அந்தச் சீட்டை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்து வைத்திருந்து, மடிப்பில் எழுத்தே தேய்ந்துவிட்டது. கட்டுரை முழுக்கப் பேசும் எத்தனால் என்ற சொல் அந்தச் சீட்டில் எங்குமே இல்லை.

கட்டுரையாளர் சொல்வது இதுதான். சர்க்கரை தேங்கிக் கிடந்த காலத்தில் ஆலைகளிடம் பணம் இல்லை, நிலுவை குவிந்தது. பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்ததும் ஆலைகளுக்குக் கையோடு பணம் வருகிறது. அதனால்தான் கரும்பு விலை டன்னுக்கு 3,550 ரூபாயைத் தொட்டது. சோறு போட்டவன் இன்று எரிபொருளும் தருகிறான். பிரேசில் இதைச் செய்து காட்டிவிட்டது. இந்தப் பலன் தமிழ்நாட்டுக்கு வந்து சேரவில்லை என்றால், சர்க்கரை கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விழுக்காடு) குறைந்த மட்டக் கரும்பை ஆலைக்கு அனுப்பும் இங்குள்ள விவசாயிகளே அதற்குக் காரணம். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டுக்காகவே எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் முதலிலிருந்தே வருகிறேன்.

அந்த 3,550 ரூபாயை எடுத்துக்கொள்வோம். 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த நியாயமான மற்றும் ஆதாய விலை அது. 10.25 விழுக்காடு சர்க்கரை கட்டுமானம் உள்ள கரும்புக்குத்தான் அந்த விலை. கட்டுமானம் 9.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் விலை 3,290 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கணக்கில்தான் வருகின்றன. இந்த 9.5 விழுக்காட்டு விதி அரசாணையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகளைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவர், அவர்களுக்குக் கிடைக்காத விலையை அவர்கள் தலையில் எழுதி, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறார். டன்னுக்கு ஏறத்தாழ 260 ரூபாய் வித்தியாசம். மூன்று ஏக்கர்க்காரனுக்கு அது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்.

விலையை ஏற்றியது எத்தனால்தான் என்கிறாரே, அதைச் சரிபார்க்கக் கடினமான கணக்கு எதுவும் தேவையில்லை. கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எடுக்கும் எத்தனாலுக்கு 2022-23 விநியோக ஆண்டில் லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு நிர்ணயித்தார்கள். 2024-25லும் அதே 65 ரூபாய் 61 காசுதான். பி-ஹெவி மொலாசஸிலிருந்து (சர்க்கரை முழுதும் எடுக்காத கழிவுப்பாகு) எடுப்பதற்கும் அப்படியே, 60 ரூபாய் 73 காசிலேயே நின்றது. இதே காலத்தில் கரும்பின் ஆதாய விலை 3,050லிருந்து 3,400 ஆனது. எத்தனால் விலை அசையாமல் நின்றபோது கரும்பு விலை ஏறியிருக்கிறது என்றால், அதை ஏற்றியது எத்தனால் எப்படி ஆகும்? உழவுக் கூலியும் உரமும் வெட்டுக்கூலியும் ஏறின. சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு விலை ஏறியது. கட்டுரையாளருக்கு இது தெரியாது என்றால் அவர் எழுதியிருக்கக் கூடாது. தெரிந்தே மறைத்திருந்தால் அது இன்னும் மோசம்.

தமிழ்நாட்டில் 2024-25 பருவத்துக் கரும்புக்கு மாநில அரசு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை கொடுத்தது. ஆலை தரவேண்டிய 3,151 ரூபாயோடு அதைச் சேர்த்துத்தான் 3,500 ஆக்கினார்கள். அந்த 349 ரூபாய் வந்தது மாநிலக் கருவூலத்திலிருந்து. எண்ணெய் நிறுவனம் ஆலைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு காசும் அதில் கிடையாது. எத்தனால் விவசாயியை வளமாக்கியது உண்மையென்றால், அவனுடைய விலையை நிமிர்த்த மாநில அரசு ஏன் வரிப்பணத்தை எடுத்துத் தர வேண்டியிருந்தது?

இனி அவர் தொடவே தொடாத இடத்துக்கு வருகிறேன். கரும்பு விலையை ஆள்வது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. 2018 ஜூலையில் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சாற்றிலிருந்தோ பி-ஹெவி மொலாசஸிலிருந்தோ ஆலை எத்தனால் எடுத்தால், ஒவ்வொரு 600 லிட்டரையும் ஒரு டன் சர்க்கரையாகப் பாவித்துக் கட்டுமானத்தைக் கணக்கிட வேண்டும். சர்க்கரை குறைந்துவிட்டது என்று சொல்லி விவசாயியின் கட்டுமானத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் அது எதோடு நிற்கிறது என்று பாருங்கள். லிட்டரின் அளவைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிற சட்டம், லிட்டரின் விலையைக் கண்டுகொள்வதே இல்லை. 600 லிட்டர் சாற்று எத்தனாலின் விலை, அந்த 65 ரூபாய் 61 காசுக் கணக்கில், 39,366 ரூபாய். அந்த விலை நாளைக்கு 45,000 ஆனாலும் விவசாயியின் சீட்டில் ஒரு ரூபாய் மாறாது. 9.5க்குக் கீழ் இருக்கும் நம் ஆலைகளில் இந்தக் கட்டுமானக் கணக்கு விலையை அசைப்பதும் அரிது. அடிமட்ட விலை அடிமட்ட விலைதான்.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே ஒரு டன் கரும்பிலிருந்து 70 லிட்டர் எத்தனால் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 65 ரூபாய் 61 காசு வீதம் அது 4,592 ரூபாய் 70 காசு. சக்கையை எரித்து எடுக்கும் மின்சாரம் தனி. ஆலைக்கும் செலவு உண்டு, கடன் உண்டு, சம்பளம் உண்டு. மொத்தமும் லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலில் பங்காளி என்று ஒருவரைச் சொன்னால், வரவு ஏறும்போது அவருடைய பங்கும் ஏற வேண்டும். கரும்பு விவசாயிக்கு அப்படி ஒரு பங்கு முன்பு சட்டத்தில் இருந்தது. ஆலைக்குக் கூடுதல் வரவு வந்தால் அதில் பாதி விவசாயிக்கு என்று சொன்ன 5ஏ பிரிவு அது. 2009இல் ஆதாய விலை முறையைக் கொண்டுவந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். 2012இல் ரங்கராஜன் குழு வருவாய்ப் பங்கீட்டைப் பரிந்துரைத்தது. சர்க்கரை, மொலாசஸ், சக்கை, ஆலைக்கழிவு ஆகியவற்றின் வருவாயில் 70 விழுக்காடு, அல்லது சர்க்கரை வருவாயில் மட்டும் 75 விழுக்காடு. அந்தக் கணக்கும் மொலாசஸோடு நின்றுவிடுகிறது. மொலாசஸ் வடிப்பாலைக்குள் போய் எத்தனாலாக வெளியே வரும்போது கூடும் மதிப்பு அதில் சேராது. தமிழ்நாட்டில் 2018இல் சட்டம் போட்டு, மாநில அரசின் பரிந்துரை விலையைக் கைவிட்டு இந்தப் பங்கீட்டு முறைக்கு மாறினார்கள். இருந்த பிடிமானமும் போயிற்று. இவ்வளவு நடந்திருக்கும்போது, விவசாயி எரிபொருள் தருகிறவன் ஆகிவிட்டான் என்று எழுத மனசாட்சி வேண்டாமா?

இரண்டு வருடம் முன்பு, தை மாதம், அண்ணன் கரும்போடு நானும் ஆலைக்குப் போனேன். எந்த ஆலை என்பது முக்கியமில்லை. மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்ற டிராக்டர், எடைமேடை ஏறியது மறுநாள் காலை பத்தரைக்கு. ராத்திரி முழுக்க ஓட்டுநர் டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். எங்களுக்கு முன்னால் நாற்பது வண்டிகளாவது இருக்கும். பக்கத்து வாசல் வழியாக எண்ணெய் நிறுவன டேங்கர்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. அங்கே வரிசையே இல்லை. "அண்ணே, அந்த வண்டிக்குக் காயறதுன்னு ஒண்ணு கிடையாது. நம்ம சரக்குதான் நிக்க நிக்கக் கொறையும்" என்றார் ஓட்டுநர். வெட்டிய கரும்பு வெயிலில் எடை இழக்கும், சர்க்கரையும் இறங்கும். ஒரு நாள் தாமதத்தில் குறையும் எடையின் இழப்பு விவசாயிக்கு. வடிப்பாலை வந்தால் அரவை வேகமாகும், கரும்பு காத்திருக்காது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அரவைத் திறன் கரும்பைப் பிழியும் உருளைகளில் இருக்கிறது. பிழிந்த சாறு பாகாகிறதா எத்தனாலாகிறதா என்பது அதற்குப் பிறகு வரும் சங்கதி. வடிகலம் எத்தனை வைத்தாலும் உருளை ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒரு நாள் ஆலை வாசலில் நின்றிருந்தால் இந்த வாக்கியத்தை அவர் எழுதியிருக்க மாட்டார்.

நிலுவை குறைந்தது என்பது உண்மை, மறுக்கவில்லை. 2018-19இல் நாடு முழுவதும் 20,000 கோடி ரூபாயைத் தாண்டி நின்ற நிலுவை பிறகு இறங்கியது. எத்தனால் பணம் விரைவாக வந்ததற்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அது அருட்கொடை இல்லை. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தரவேண்டும் என்று 1966 ஆணை சொல்கிறது. நிலுவை என்பது ஆலைகள் பல ஆண்டு தொடர்ந்து மீறிய சட்டம். மீறியவர் மீறுவதைக் குறைத்துக்கொண்டால் அதை விவசாயிக்குச் செய்த உதவி என்று பதிவு செய்வது என்ன நியாயம்? வடிப்பாலை கட்ட ஆலைகள் வாங்கிய கடனுக்கு 2018லிருந்து அரசு வட்டி மானியம் கொடுக்கிறது, 6 விழுக்காடு வரை, ஐந்து ஆண்டுக்கு. விவசாயிக்குச் சேரவேண்டிய அந்த 15 விழுக்காடு வட்டியை வாங்கிய ஒருவரை எங்கள் பக்கத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்த நிலுவை எங்கே குறைந்தது என்பதும் முக்கியம். பெரிய வடிப்பாலைகள் வைத்திருக்கும் உத்தரப்பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் நிலவரத்தை எடுத்து வந்து நம்மூருக்கும் அதுவே என்கிறார். நம் கூட்டுறவு ஆலைகளில் பெரும்பாலானவற்றில் வடிப்பாலையே கிடையாது. அலங்காநல்லூர் ஆலை 2019 வாக்கில் அரவையை நிறுத்தியது. உடுமலைக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் அமராவதி ஆலையில் வடிப்பாலை உண்டு. அங்கும் அரவை நின்றுபோனது. வடிப்பாலை ஆலையைக் காப்பாற்றும் என்ற அவருடைய மூல வாதத்துக்கு அமராவதியிடம் என்ன பதில் வைத்திருக்கிறார்?

2023 டிசம்பர் 7ஆம் தேதியைக் கட்டுரை முழுக்கத் தேடினேன். இல்லை. அன்றுதான் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு ஒரே உத்தரவில் நிறுத்தியது. அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது, மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பு காய்ந்திருந்தது, அடுத்த சில மாதங்களில் தேர்தல். சர்க்கரை விலை ஏறிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. ஒரு வாரம் கழித்து, 15ஆம் தேதி, 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவு மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். தடை முழுதாக நீங்கியது 2024 ஆகஸ்டில். அரவை தொடங்கிய பிறகு, கரும்பு நிலத்தில் நிற்கும்போது, விதியை மாற்றினார்கள். ஆலை தன் இழப்பைக் காட்டிப் பேச டெல்லியில் சங்கம் வைத்திருக்கிறது. விவசாயி பத்து மாதத்துக்கு முன்பே கரணையை ஊன்றிவிட்டவன். அவனால் டிசம்பரில் எதையும் திருப்ப முடியாது. சர்க்கரை விலை ஏறினால் நுகர்வோருக்காக அவனைக் கட்டிவைப்பார்கள், இறங்கினால் ஆலைக்காகக் காக்கவைப்பார்கள். எத்தனால் இந்த நிலையை மாற்றவில்லை என்பதற்கு அந்த ஒரு வாரமே சாட்சி.

கரும்புதான் எத்தனாலின் எதிர்காலம் என்ற நம்பிக்கையும் காலாவதியானது. 2025-26க்கு எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கிய ஏறத்தாழ 1,048 கோடி லிட்டரில் கரும்பு சார்ந்ததற்குக் கிடைத்த பங்கு 28 விழுக்காடுதான். மீதி பெரும்பாலும் மக்காச்சோளமும் அரிசியும். கூட்டுறவு ஆலைகளின் வடிப்பாலைகளை மக்காச்சோளத்திலும் ஓடும்படி மாற்ற 2025 மார்ச்சில் அரசே வட்டி மானியத் திட்டம் அறிவித்தது. கரும்பு விவசாயியின் பெயரைச் சொல்லிக் கட்டிய வடிப்பாலையில் நாளைக்கு வேறு தானியம் வேகப்போகிறது. தண்ணீரைக் காரணமாகச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை கணக்குச் சொல்கிறது. அப்படியானால் கரும்பை விட்டு வெளியேறும் விவசாயிக்கு வழி சொல்லுங்கள். ஒரு கையால் அவனைப் பயிரிடத் தூண்டிவிட்டு, மறு கையால் கொள்முதலைச் சுருக்குவது ஏமாற்று.

பிரேசிலைப் பார் என்கிறார். பார்த்துவிட்டே சொல்கிறேன். சாவ் பாவ்லோ மாநிலத்தில் 1999லிருந்து கொன்செகானா என்ற ஏற்பாடு இருக்கிறது. விவசாயிகளும் ஆலைகளும் சேர்ந்து உட்கார்ந்து நடத்துவது. கரும்பில் எடுக்கக்கூடிய மொத்த இனிப்பு கிலோவுக்கு என்ன விலை என்பதை, சர்க்கரை என்ன விலைக்கு விற்றது, எத்தனால் என்ன விலைக்கு விற்றது என்ற இரண்டையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். எத்தனால் விலை ஏறினால் கரும்பு விலையும் ஏறும். அங்கே விவசாயியின் கணக்கில் எத்தனாலுக்கு ஒரு வரி இருக்கிறது. அங்கே கரும்பு பெரும்பாலும் மழையை நம்பி வளர்கிறது. நாம் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வளர்க்கிறோம். 1975இல் தொடங்கிய பிரேசில் திட்டத்திலிருந்து வடிப்பாலையையும் கலப்பு விழுக்காட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விலைப் பங்கீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள், அந்த நாட்டை உதாரணம் காட்டும் தகுதியை இழந்தவர்கள்.

கடைசியாக, கட்டுமானம். குறைந்த கட்டுமானத்துக்கு விவசாயியின் அசட்டையே காரணமாம்.

கட்டுமானத்தை அளப்பது ஆலை. அளப்பது ஆலைக்குள். என் அண்ணன் கரும்பில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆலை முழுமைக்கும் சேர்த்து ஒரே எண். பார்த்துப் பார்த்துச் சோகை உரித்து, மண் அணைத்து, பன்னிரண்டாம் மாதம் பதமாக நிற்கும் கரும்புக்கும் அதே எண்தான், காய்ந்த கரும்புக்கும் அதே எண்தான். எப்போது வெட்டுவது என்பதும் விவசாயி கையில் இல்லை. நிலம் எந்த ஆலையின் எல்லையில் இருக்கிறதோ அந்த ஆலைக்குப் பதிவு செய்ய வேண்டும், வேறு எங்கும் கொடுக்க முடியாது. வெட்டு உத்தரவு ஆலையிலிருந்து வர வேண்டும். எங்கள் ஊரில் பன்னிரண்டு மாதக் கரும்பு பதினான்கு, பதினைந்து மாதம் நின்ற வருடங்கள் உண்டு. பூ எடுத்து, உள்ளே நெட்டி பாய்ந்து, கணு இளைத்து நிற்கும். அண்ணன் கோட்டக் கரும்பு அலுவலரிடம் மூன்று முறை போனார். "சார், பூ வந்துடுச்சு, இனிமே நின்னா வெறும் சக்கைதான்" என்று கெஞ்சினார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றே பதில் வந்தது. அப்படி வெட்டிய கரும்பில் கட்டுமானம் எங்கிருந்து வரும்? நம் கடலோரப் பக்கத்தில் கரும்பு முதிரும் காலத்தில் வடக்கே விழும் குளிர் விழுவதில்லை என்பது இயற்கை. ஏக்கருக்கு எடை எடுப்பதில் தமிழ்நாட்டு விவசாயி நாட்டின் சராசரியை எப்போதும் தாண்டி நின்றவன். உலகத்துக்கே கரும்பு ரகம் கொடுத்த கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912லிருந்து நம் மண்ணில் இருக்கிறது. அதன் ரகமான 86032ஐ ஊர் ஊராக நட்டு வளர்த்தவர்கள் இந்த விவசாயிகள்தான். இவர்களை அசட்டைக்காரர்கள் என்று எழுதியதற்குக் கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பெட்ரோல் இறக்குமதிச் செலவு குறைகிறது, நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார். மிச்சமாகட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மிச்சத்தின் கணக்கில் விவசாயியின் பெயரை எழுதுகிறவர்கள், கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் எத்தனால் வருவாய்க்கும் மின்சார வருவாய்க்கும் பங்கு எழுதட்டும். மாநில அரசு 2018ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்து மொலாசஸோடு நிற்கும் கணக்கை லிட்டர் வரைக்கும் நீட்டட்டும். விவசாயச் சங்கங்கள் கேட்பது இதைத்தான். இதைக் கேட்கிறவர்களைக் கட்டுரையாளர் அரசியல் தூண்டுதல் என்று ஒரே சொல்லில் தள்ளியிருக்கிறார். பதினைந்து மாதக் கரும்போடு நிற்கிறவனுக்கு யாருடைய தூண்டுதலும் தேவைப்படாது.

போன மாசியில் அண்ணன் அந்த மூன்று ஏக்கரில் இரண்டை உழுதுவிட்டார். மறுதாம்புக் கட்டைகள் கலப்பையில் மாட்டி மாட்டி வந்தன. ரொட்டவேட்டர்காரர் இரண்டு ஓட்டு ஓட்டியும் முழுசாகப் போகவில்லை, ஆள் விட்டுப் பொறுக்கி வரப்பில் குவித்தோம். இப்போது அதில் சவுக்குக் கன்று நிற்கிறது. வெட்டு உத்தரவு வேண்டாம், யார் நல்ல விலை கொடுக்கிறாரோ அவருக்குக் கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். மீதி ஒரு ஏக்கர் கரும்பு இன்னும் பதிவில் இருக்கிறது.